டாக்டர் ஒரு நாட்டில், ஸ்கேன் ஒரு ஊரில்: ஐவிஎஃப் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

குழந்தைக்காக ஐவிஎஃப் (முட்டையையும் விந்தணுவையும் ஆய்வகத்தில் சேர்த்து, உருவாகும் கருவைக் கருப்பையில் வைக்கும் முறை) சிகிச்சை எடுக்கலாம் என்று முடிவானதும் எல்லோரும் முதலில் விசாரிப்பது "நல்ல டாக்டர் யார்?" என்பதைத்தான். இன்றைய நிலைமையில் அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. உங்களுக்குத் தேவைப்படும் சிகிச்சையை எந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது என்பது முதல் கேள்வி. நேரில் போய்த்தான் ஆக வேண்டிய வேலைகளை எங்கே வைத்துக்கொள்வது என்பது அடுத்தது. டாக்டர் அதற்கும் பிறகுதான். வீடியோ அழைப்பில் டாக்டர் எங்கிருந்தும் கிடைப்பார். சட்டமும் ஆய்வகமும் இருக்கும் இடத்தை விட்டு நகராது.

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள கருத்தரிப்பு மருத்துவச் சங்கங்கள், புதிய சைக்கிள்களை (ஊசியில் தொடங்கிக் கரு வைப்பது வரையிலான ஒரு சுற்றுச் சிகிச்சை) தற்காலிகமாகத் தொடங்க வேண்டாம் என்று மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டன. ஆலோசனைகள் திரைக்கு மாறின. தொற்று அடங்கிய பிறகும் அவற்றில் பெரும்பகுதி திரையிலேயே தங்கிவிட்டது. தூரம் ஒன்றும் இந்தத் துறைக்குப் புதிதல்ல. 1978 ஜூலை 25-இல் பிறந்த முதல் ஐவிஎஃப் குழந்தைக்குப் பின்னாலும் தூரம் இருந்தது: ஆய்வாளர்கள் ராபர்ட் எட்வர்ட்ஸும் ஜீன் பர்டியும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்தார்கள், அறுவை மருத்துவர் பேட்ரிக் ஸ்டெப்டோ ஓல்டாமில் இருந்தார். பல வருடங்கள் எட்வர்ட்ஸும் பர்டியும் காரில் போய்வந்தார்கள். அன்று நிபுணர்கள் நோயாளியை நோக்கி அலைந்தார்கள். இன்று அந்த அலைச்சலை நீங்கள் திட்டமிட வேண்டியிருக்கிறது.

தொடங்கும் முன் ஒரு சின்னச் சரிபார்ப்பு

பாதுகாப்பு எதுவும் இல்லாமல் 12 மாதம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால் பரிசோதனைக்குப் போகலாம் என்பது பொதுவான வரையறை. பெண்ணுக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் 6 மாதமே போதும். மாதவிடாய் ஒழுங்கில்லை, முன்பு ஓவரியில் (சினைப்பையில்) அறுவை நடந்தது போன்ற காரணங்கள் இருந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். பரிசோதனைக்குப் போகும் எல்லோருக்கும் ஐவிஎஃப் தேவைப்படாது. சிலருக்கு மாத்திரையோ ஐயுஐயோ (விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்தும் எளிய முறை) போதும். அப்படியென்றால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவையில்லை.

இருவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம், பெண்ணை ஆறு மாதம் அலையவிட்ட பிறகே விந்தணுப் பரிசோதனையைப் பற்றி யோசிக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. வீட்டிலேயே செய்யும் விந்தணுக் கிட்கள் வந்துவிட்டன. அவற்றில் பல எண்ணிக்கையை மட்டுமே காட்டும். அணுக்கள் எப்படி நீந்துகின்றன, வடிவம் எப்படி என்று காட்டாது. எண்ணிக்கை சரியாக இருந்தும் அசைவு இல்லாமல் போகலாம். ஆகவே கிட் 'நார்மல்' என்று சொன்னதை வைத்து அந்தப் பக்கத்தை மூடிவிடாதீர்கள்.

முதல் படி: உங்கள் தேவையைச் சட்டத்தின் கண்ணால் பாருங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் இருவரின் வயது. திருமணமானவரா, தனித்து வாழ்பவரா, ஒரே பாலின இணையரா. சொந்த முட்டையும் விந்தணுவும் போதுமா, தானம் தேவைப்படுமா. கருவின் மரபணுப் பரிசோதனை வேண்டுமா. கருவை எத்தனை வருடம் உறையவைத்திருக்க நினைக்கிறீர்கள். வேறொரு பெண் சுமக்க வேண்டியிருக்குமா. இந்தப் பதில்களில் ஒன்று மாறினாலும் போக வேண்டிய நாடே மாறிவிடலாம்.

சில உதாரணங்கள். ஜெர்மனியில் 1991-இல் நடைமுறைக்கு வந்த கருப் பாதுகாப்புச் சட்டப்படி கருமுட்டை தானத்தைக் கொண்டு சிகிச்சை செய்ய முடியாது. விந்தணு தானம் மட்டும் உண்டு. ஸ்பெயினின் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் முட்டை தானத்தை அனுமதிக்கிறது. ஆனால் தானம் தருபவர் யாரென்று தெரியாது, அவரை நீங்கள் தேர்ந்தெடுக்கவும் முடியாது. மருத்துவக் குழுவே பொருத்தம் பார்க்கும். பிரிட்டனில் 2005 ஏப்ரல் 1 முதல் நிலைமை நேர் எதிர்: தானத்தில் பிறந்த பிள்ளை 18 வயதானதும் தானம் தந்தவரின் அடையாளத்தைக் கேட்டுப் பெறலாம். ஸ்வீடன் 1985-லேயே விந்தணு தானத்தில் இந்த மறைவை நீக்கிவிட்டது. பிரான்ஸ் 2021-இல் சட்டத்தை மாற்றித் தனித்து வாழும் பெண்களுக்கும் பெண் இணையருக்கும் சிகிச்சையைத் திறந்துவிட்டது. செக் நாட்டில் முட்டை தானம் உண்டு, ஆனால் ஆணும் பெண்ணும் சேர்ந்து விண்ணப்பித்தால்தான். தனியாக வரும் பெண்ணுக்கு அங்கே வழியில்லை.

இந்தியாவில் 2021-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 என்று வயது வரம்பு உண்டு. ஒரு பெண் வாழ்நாளில் ஒரே முறைதான் முட்டை தானம் செய்யலாம், அதிலும் 7 முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. பணம் வாங்கிக்கொண்டு சுமக்கும் வாடகைத் தாய் முறைக்குத் தடை. கருவின் பாலினத்தைத் தேர்ந்தெடுப்பதும் குற்றம். அந்த 7 என்ற எண் பேப்பரில் சிறியதாகத் தெரியும். தான முட்டையில் சிகிச்சை எடுப்பவருக்கோ எத்தனை கரு கிடைக்கும், இரண்டாவது முயற்சிக்கு ஏதாவது மிஞ்சுமா என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கிறது.

சட்டம் அப்படியே நிற்கும் என்றும் நினைக்க வேண்டாம். இத்தாலி 2004-இல் தானமே கூடாது என்றது. 2014-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2024-இலோ, வெளிநாட்டுக்குப் போய் வாடகைத் தாய் வழியாகக் குழந்தை பெறுவதையும் தன் குடிமக்களுக்குக் குற்றமாக்கியது. அமெரிக்காவின் அலபாமா மாநில உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில், உறைநிலையில் உள்ள கருவையும் குழந்தையாகக் கருதலாம் என்று தீர்ப்பளித்தது. அங்கே சில மருத்துவமனைகள் சிகிச்சையை நிறுத்திவைத்தன. மார்ச்சில் மாநில சட்டமன்றம் மருத்துவமனைகளுக்குப் பாதுகாப்புச் சட்டம் போட்ட பிறகே பல இடங்களில் வேலை திரும்பத் தொடங்கியது. இடையில் முட்டை வளர ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஆகவே "சட்டம் நடுவில் மாறினால் என் கரு, என் பணம் இரண்டும் என்னாகும்?" என்று மருத்துவமனையில் முதல் நாளே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று. சிகிச்சை நடக்கும் நாட்டில் அனுமதி உண்டு என்பதோடு வேலை முடிந்துவிடாது. நீங்கள் குடியிருக்கும் நாடு அந்தக் குழந்தைக்கு உங்களைப் பெற்றோராக ஏற்குமா, குடியுரிமையும் பாஸ்போர்ட்டும் தருமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். சொந்த முட்டை, சொந்த விந்தணு, சொந்தக் கருப்பை என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. வாடகைத் தாய் என்றால் சிக்கலே இங்குதான். 2008-இல் ஒரு ஜப்பானியத் தம்பதிக்காக இந்தியாவில் வாடகைத் தாய் வழியாக ஒரு குழந்தை பிறந்தது. பிறப்பதற்கு முன்பே தம்பதி பிரிந்துவிட்டார்கள். எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லாமல் அந்தக் குழந்தை மாதக்கணக்கில் நாட்டை விட்டுப் போக முடியாமல் இருந்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்த வழியை யோசிப்பவர்கள் இரண்டு நாடுகளிலும் ஆளுக்கொரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டரிடமே போக வேண்டும். ஏஜென்டின் உறுதிமொழி வழக்கறிஞரின் கருத்துக்கு ஈடாகாது.

இரண்டாம் படி: எது திரையில் நடக்கும், எது நடக்காது

திரையில் நிறைய நடக்கும். பழைய வரலாறு கேட்பது, ரிசல்ட் பார்ப்பது, மருந்துத் திட்டம் போடுவது, நாளுக்கு நாள் டோஸை மாற்றுவது, ஊசி போடக் கற்றுத் தருவது, மனநல ஆலோசனை, இரண்டாவது கருத்து எல்லாம். கண்காணிப்பு ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் உங்கள் ஊரிலேயே எடுத்து அனுப்பலாம். கேமரா பொருத்திய இன்குபேட்டரில் வளரும் கருக்களின் படத்தை வேறு ஊரில் இருக்கும் எம்ப்ரியாலஜிஸ்ட் (கருவியல் நிபுணர்) பார்த்துக் கருத்துச் சொல்ல முடியும். மரபணுப் பரிசோதனைக்கு, ஐந்தாம் நாள் வாக்கில் கருவிலிருந்து எடுத்த சில செல்கள் மட்டுமே வேறு ஆய்வகத்துக்குப் பயணம் போகும். கரு எடுத்த இடத்திலேயே உறைநிலையில் காத்திருக்கும்.

முட்டைக்குள் விந்தணுவைச் செலுத்தும் இக்ஸி வேலையைக்கூடத் தூரத்திலிருந்து செய்து பார்த்துவிட்டார்கள். மெக்ஸிகோவின் குவாதலஹாராவில் இருந்த கருவியை, சில முறை 3,700 கிலோமீட்டர் தள்ளி நியூயார்க் பக்கத்திலிருந்து இயக்கி ஒரு குழந்தை பிறந்த செய்தி 2025-இல் வெளியானது. சுவாரஸ்யமான செய்திதான். ஆனால் அதை விளம்பரமாக வைத்து உங்களிடம் யாராவது பேசினால், "உங்கள் ஆய்வகத்தில் நேரில் நிற்கப் போவது யார்?" என்று கேளுங்கள்.

திரையிலோ உள்ளூரிலோ முடிக்க முடியாதவை மூன்றுதான்: முட்டை எடுப்பது, விந்தணு தருவது, கருவைக் கருப்பையில் வைப்பது. பயணத் திட்டம் முழுவதும் இந்த மூன்றைச் சுற்றியே அமையும்.

மூன்றாம் படி: பேப்பர்களைத் தயார் செய்யுங்கள்

இது சலிப்பான வேலை. ஆனால் தூரத்து டாக்டருக்கு உங்கள் உடம்பு என்பது இந்தப் பேப்பர்கள்தான்.

யூனிட்டில் கவனம் வையுங்கள். முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் அளவைச் சில நாடுகளில் மில்லிலிட்டருக்கு நானோகிராமாகவும், சில நாடுகளில் லிட்டருக்குப் பிகோமோலாகவும் எழுதுகிறார்கள். முதல் கணக்கில் 1 என்பது இரண்டாவதில் 7.14. யூனிட் இல்லாமல் "என் ஏஎம்ஹெச் 7" என்று சொன்னால், ஒருவருக்கு அது மிக அதிகமாகப் படும், இன்னொருவருக்குக் குறைவாகப் படும். போடும் மருந்தின் அளவே தலைகீழாகும். ஈஸ்ட்ராடயால் என்ற ஹார்மோனிலும் இதே கதை: மில்லிலிட்டருக்குப் பிகோகிராமில் வந்த எண்ணை 3.67-ஆல் பெருக்கினால்தான் லிட்டருக்குப் பிகோமோல். எண்ணை மட்டும் டைப் செய்து அனுப்பாதீர்கள், ரிப்போர்ட்டின் முழுப் பக்கத்தையும் அனுப்புங்கள். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 4/5 என்பது ஒரு நாட்டில் மே 4, இன்னொரு நாட்டில் ஏப்ரல் 5.

ஸ்கேன் என்றால் மாதவிடாயின் எத்தனையாவது நாள் எடுத்தது, வலது ஓவரியில் எத்தனை ஃபாலிக்கிள் (முட்டை வளரும் சிறு பை), இடதில் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டர், கருப்பை உள்வரியின் தடிமன் எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். "ஓவரி நார்மல்" என்ற ஒற்றை வரி யாருக்கும் உதவாது. முன்பே ஐவிஎஃப் செய்தவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியோடு நின்றுவிடாமல் ஆய்வகக் குறிப்பையும் கேட்டு வாங்க வேண்டும்: எடுத்த முட்டைகளில் எத்தனை முதிர்ந்தவை, எத்தனை கருவுற்றன, ஐந்தாம் நாள் வரை எத்தனை வந்தன, தரம் என்ன. இரண்டாவது கருத்துச் சொல்பவர் முதலில் தேடுவது அதைத்தான்.

மருந்தின் பெயரும் நாட்டுக்கு நாடு மாறும். பியூரகான் என்று ஒரு நாட்டில் விற்பது அமெரிக்காவில் ஃபாலிஸ்டிம். ஓவிட்ரெல் (Ovitrelle) அங்கே சற்றே எழுத்து மாறி ஓவிட்ரல் (Ovidrel). பிராண்டோடு மூலப்பொருள் பெயரையும் சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எச்ஐவி, ஹெபடைட்டிஸ், சிபிலிஸ் பரிசோதனைகள் எத்தனை மாதம் செல்லும் என்பதும் இடத்துக்கு இடம் வேறு. கேட்டுவிட்டு எடுங்கள், இல்லையென்றால் இரண்டு முறை ரத்தம் கொடுக்க நேரிடும்.

நான்காம் படி: இப்போது டாக்டர்

பட்டம், அனுபவம் எல்லாம் சரி. தூரத்து டாக்டரிடம் கூடுதலாகக் கேட்க வேண்டியவை உண்டு. நீங்கள் இருக்கும் இடத்து நோயாளிக்கு ஆலோசனை தர அவருக்கு உரிமம் உண்டா? அமெரிக்காவில் பொதுவாக நோயாளி எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ அந்த மாநில உரிமம் தேவை. அவர் எழுதும் சீட்டை உங்கள் ஊர் மருந்துக் கடை ஏற்குமா? ஏற்காவிட்டால் உள்ளூரில் அதே சீட்டை எழுதித் தர ஒரு டாக்டர் இருக்கிறாரா?

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி: இரவு இரண்டு மணிக்கு வயிறு உப்பி மூச்சு வாங்கினால் நான் யாரை அழைப்பது? ஓவரி அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால் வயிறு வீங்கும், எடை மடமடவென்று ஏறும், சிறுநீர் குறையும், வாந்தியும் மூச்சுத் திணறலும் வரலாம். இது அரிது, ஆனால் ஆபத்து. திரையில் யாரும் இதைக் கவனித்துக்கொள்ள முடியாது. உள்ளூரில் ஒரு மகப்பேறு மருத்துவருக்கு உங்கள் திட்டம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். "அதெல்லாம் வராது" என்று சிரித்துவிட்டுப் போகும் மருத்துவமனையாக இருந்தால் நானாக இருந்தால் வேறு இடம் பார்ப்பேன்.

வெற்றி விகிதம் சொன்னால் எதற்கு எத்தனை என்று கேளுங்கள். தொடங்கிய சைக்கிளுக்கா, கரு வைத்தவர்களுக்கு மட்டுமா? கர்ப்பம் உறுதியானதா, குழந்தை உயிரோடு பிறந்ததா? உங்கள் வயதினருக்கா, தான முட்டைக்காரர்களையும் கலந்தா? அமெரிக்காவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படியும், பிரிட்டனில் ஹெச்எஃப்இஏ என்ற அரசு ஒழுங்குமுறை அமைப்பு வழியாகவும் மருத்துவமனை வாரியாக இந்த எண்கள் வெளியாகின்றன. அப்படிப் பொதுக் கணக்கு இல்லாத இடத்தில் மருத்துவமனை தானே சொல்லும் எண்ணைப் பாதி நம்பிக்கையோடு பாருங்கள்.

அதே பிரிட்டன் அமைப்பு, கூடுதல் கட்டணத்துக்குச் சேர்த்து விற்கும் 'ஆட்-ஆன்' சிகிச்சைகளுக்கு ஆதாரம் எவ்வளவு என்று நிறம் போட்டுத் தரம் பிரித்திருக்கிறது. அவற்றில் பலவற்றுக்கு நல்ல ஆதாரம் இல்லை. வேறு நாட்டில் சிகிச்சை எடுத்தாலும் அந்தப் பட்டியலை ஒருமுறை படியுங்கள். திரையில் பத்து நிமிடத்தில் ஐந்து ஆட்-ஆன் விற்றுவிட முடியும். நேரில் அவ்வளவு சுலபமில்லை.

ஐந்தாம் படி: சைக்கிளும் கடிகாரமும்

மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் முதல் ஸ்கேன். அப்புறம் சுமார் 8 முதல் 14 நாள் ஊசி, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு ஸ்கேன். ஃபாலிக்கிள் வளர்ந்ததும், முட்டையை முதிரவைக்கும் ட்ரிக்கர் ஊசி. அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டையை எடுக்க வேண்டும். இந்த இடைவெளி தவறினால் முட்டை முதிராமலோ, தானாக வெளியேறியோ மொத்த சைக்கிளும் வீணாகும்.

தூரத்துச் சிகிச்சையில் இங்கேதான் விபத்து நடக்கும். டாக்டர் "இரவு 10 மணி" என்கிறார். யாருடைய 10 மணி? ட்ரிக்கர் செய்தி வந்ததும் உங்கள் ஊர் நேரம், தேதி, கிழமை மூன்றையும் எழுதித் திருப்பி அனுப்பி, "இதுதானே?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் ஊசியைத் தொட வேண்டும். கரு வைப்பதற்கு முன், கருப்பையைத் தயாராக்கும் புரோஜெஸ்ட்ரோன் மருந்தைத் தொடங்கும் நேரத்துக்கும் இதையே செய்யுங்கள்.

பயணத்தைப் பொறுத்தவரை, தொடக்க ஸ்கேன்களை உள்ளூரில் முடித்துவிட்டுக் கடைசிச் சில நாளுக்கு மட்டும் போகலாம். டிக்கெட் மாற்றக்கூடியதாக இருக்கட்டும், ஓவரி நாட்காட்டி பார்த்து வேலை செய்யாது. முட்டை எடுத்த அன்றே விமானம் ஏற வேண்டாம். கருக்களை எல்லாம் உறையவைத்துவிட்டு, வேறொரு மாதம் நிதானமாகப் போய் வைத்துக்கொள்ளும் முறையும் உண்டு. தூரத்தில் இருப்பவர்களுக்கு அது வசதி, ஓவரி அதிகம் தூண்டப்படும் ஆபத்தும் குறைகிறது. என்ன, காத்திருக்கப் பொறுமை வேண்டும். குளிரில் வைக்க வேண்டிய மருந்துகளைச் சீட்டோடு கைப்பையில் எடுத்துப் போங்கள். சரக்குப் பெட்டியில் போடாதீர்கள்.

ஆறாம் படி: கருவை இடம் மாற்றுவதாக இருந்தால்

உறைந்த கரு திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கிறது. அதைக் கொண்டுபோகத் தனிக் கொள்கலன் உண்டு, எக்ஸ்ரே படாமல் கைமாற்றும் நிறுவனங்கள் உண்டு. தொழில்நுட்பத்தைவிட அனுமதிதான் கடினம். அனுப்பும் ஆய்வகம், பெறும் ஆய்வகம், இரு நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு, நீங்கள் இருவர் என்று எல்லோரும் கையெழுத்திட வேண்டும். இந்தியாவிலிருந்து கருவையோ முட்டையையோ, சொந்தப் பயன்பாட்டுக்கென்றாலும், தேசிய வாரியத்தின் அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது. அனுப்பும் நாட்டில் சரியாக இருந்த தானம் பெறும் நாட்டில் ஏற்கப்படாமலும் போகலாம். ஆகவே உறையவைக்கும் முன்பே, அது கடைசியில் எந்த நாட்டில் பயன்படப் போகிறது என்று முடிவு செய்யுங்கள்.

சேமிப்புக் காலமும் பாருங்கள். இந்தியச் சட்டத்தில் பொதுவாக 10 வருடம். பிரிட்டனில் 2022 ஜூலையிலிருந்து, 10 வருடத்துக்கு ஒருமுறை சம்மதத்தைப் புதுப்பித்தால் 55 வருடம் வரை. புதுப்பிக்கும் கடிதம் உங்கள் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பிவந்தால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். இருவரும் பிரிந்தால், ஒருவர் இறந்தால் என்ற பகுதியைச் சம்மதப் படிவத்தில் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிக்காதீர்கள். உட்கார்ந்து பேசிவிட்டு நிரப்புங்கள்.

கோப்பு

தானம் எடுத்திருந்தால், தானம் தந்தவரைப் பற்றி மருத்துவமனை தந்த விவரங்கள், குறியீட்டு எண், ஆய்வக எண் எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்திருங்கள். மருத்துவமனைகள் மூடப்படும், கைமாறும். வெளிநாட்டுச் சிகிச்சை என்றால் உங்கள் நாட்டுப் பதிவேட்டில் ஒரு வரிகூட இருக்காது. "பெயர் வெளிவராது" என்ற வாக்குறுதியையும் முழுக்க நம்ப வேண்டாம். வீட்டிலிருந்து எச்சில் அனுப்பும் டிஎன்ஏ சோதனைகள் உறவினர்களைக் கண்டுபிடித்துவிடுகின்றன, அதற்குத் தானம் தந்தவர் சோதனை செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் செய்திருந்தால் போதும். பிரிட்டனில் புதிய சட்டத்துக்குப் பின் தரப்பட்ட தானத்தில் பிறந்தவர்களில் முதலாமவர்கள் 2023 இறுதியில் 18 வயதை எட்டித் தகவல் கேட்கத் தகுதி பெற்றார்கள். உங்கள் பிள்ளையும் ஒருநாள் கேட்கலாம். அசல் ஒரு பெட்டியில், ஸ்கேன் செய்த நகல் ஒன்று இணையச் சேமிப்பில், அதன் கடவுச்சொல் இருவருக்கும் தெரிந்ததாக.